சுவரின் பாதம்

1983 மே 2ஆம் தேதி மாலை, கலிஃபோர்னியாவில் எண்ணெய்க் கிணறுகள் சூழ்ந்த கோலிங்கா என்ற சிற்றூரை 6.2 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. கடைத்தெருவில் இருந்த பழைய செங்கல் கட்டடங்கள் சரிந்தன. கம்பி வைக்காத செங்கல் சுவர் அப்படித்தான் சரியும். அது முன்பே படித்த பாடம். யோசிக்க வைப்பது குடியிருப்புத் தெருக்களில் நடந்தது. அங்கே மரச்சட்டங்களால் கட்டிய பழைய வீடுகள் பல, சுவரும் கூரையும் ஓரளவு உருக்குலையாமலே, மொத்தமாக அஸ்திவாரத்தை விட்டு விலகி இறங்கியிருந்தன. உடையாத வீடும் உடையாத அஸ்திவாரமும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஆனாலும் அங்கே குடியிருக்க முடியாது.

வீடு அஸ்திவாரத்திலிருந்து விழுந்துவிட்டது என்று சொல்கிறோம். நடந்தது நேர் எதிரானது. வீடு நின்ற இடத்திலேயே நிற்கத்தான் முயன்றது. அஸ்திவாரம்தான் அதன் கீழிருந்து நகர்ந்து போனது. பேருந்து சட்டென்று கிளம்பும்போது நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்கிறார். அவரை யாரும் தள்ளவில்லை. காலுக்குக் கீழிருந்த தரை அவரை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டது. மேல்கம்பியைப் பிடித்திருந்தவர் வண்டியோடு போகிறார், பிடிக்காதவர் விழுகிறார். கோலிங்காவின் அந்த வீடுகளுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. சில வீடுகள் கான்கிரீட்டின் மேல் போதிய போல்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தன. வேறு சிலவற்றில், அஸ்திவாரத்துக்கும் தரைக்கும் நடுவில் நின்ற குட்டைச் சுவர்கள் ஒரு பக்கமாக மடிந்துவிட்டன.

அதுவரை அந்த வீடுகளைத் தாங்கிப் பிடித்திருந்தது அவற்றின் எடை. எடை என்பது நம்பத்தகுந்த பிடிப்பு போலத்தான் தோன்றும். பல டன் கனமுள்ள ஒரு வீட்டை யாரால் தள்ளிவிட முடியும்? காற்று வந்து போகிறது, குழந்தைகள் ஓடுகிறார்கள், கதவு அறைந்து சாத்தப்படுகிறது, வீடு அசைவதில்லை. ஐம்பது ஆண்டுகள் இப்படி நின்ற வீட்டைப் பார்த்து, அது உறுதியாக நிற்கிறது என்று அதில் வாழ்பவர் நினைப்பதில் பிழையில்லை. ஆனால் எடை தருவது உராய்வு மட்டும்தான். பக்கவாட்டில் வரும் விசை ஓர் அளவைத் தாண்டினால் உராய்வு தோற்றுப்போகும். நிலம் மேலும் கீழுமாகவும் குலுங்கும்போது, கீழ்நோக்கி வேகமெடுக்கும் ஒவ்வொரு நொடித்துளியிலும் வீட்டின் அழுத்தம் குறைகிறது, உராய்வும் குறைகிறது. மிகவும் தேவைப்படும் வேளையில் கைவிடும் பிடிப்பு அது.

நம் ஊர்களில் வளர்ந்தவர்களுக்குச் சுவரையும் தரையையும் பிணைப்பது ஒரு கேள்வியாகவே தோன்றாது. நம் சுவர் அஸ்திவாரத்திலிருந்து எழும்பி வருகிறது. கல்லின் மேல் செங்கல், செங்கலின் மேல் கலவை என்று கீழிருந்து மேலே ஒரே உடலாக வளர்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான வீடுகள் அப்படியல்ல. அங்கே சுவர் ஒரு தனிப்பொருள். 16 அங்குலத்துக்கு ஒன்றாக நெடுஞ்சட்டங்களை வரிசைப்படுத்தி, மேலே ஒரு சட்டமும் கீழே ஒரு சட்டமும் வைத்து, தரையில் படுக்கப்போட்டே ஆணியடித்து முடிக்கிறார்கள். பிறகு இரண்டு மூன்று பேர் சேர்ந்து அதைத் தூக்கி நிமிர்த்துகிறார்கள். ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார்கள். அந்த நொடியில் அது ஓர் அலமாரியைப் போல வெறுமனே நிற்கும் பொருள். கீழே இருப்பதோ முன்பே ஊற்றி இறுகிப்போன கான்கிரீட். ஒரு காலத்தில் உயிரோடு நின்ற மரத்தையும், தண்ணீரோடு கலந்து கல்லாகிப்போன தூளையும் ஒரே வீடாக ஆக்க வேண்டிய இடம் அந்த அடிச்சட்டம்தான்.

அதற்கான விதி எளியது. அமெரிக்க வீடு கட்டும் விதித்தொகுப்பு கேட்பது: குறைந்தது அரை அங்குலத் தடிமனுள்ள ஆங்கர் போல்ட் கான்கிரீட்டுக்குள் 7 அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். ஆறடிக்கு ஒன்றாவது வேண்டும். ஒவ்வொரு அடிச்சட்டத் துண்டுக்கும் இரண்டுக்குக் குறையக்கூடாது. சட்டத்தின் இரு முனைகளிலிருந்தும் 12 அங்குலத்துக்குள் ஒன்று இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில் எனக்குத் தனி மதிப்பு உண்டு. நீண்ட சுவரின் நடுவில் எத்தனை போல்ட் இருந்தாலும், அது பெயரத் தொடங்குவது முனையில்தான். பக்கவாட்டு விசை சுவரைத் தள்ளும்போது, அது வழுக்குவதோடு நிற்பதில்லை. ஒரு முனையைக் கீழே அழுத்தி, மறுமுனையைத் தூக்கப் பார்க்கிறது. ஆகவே நகராமல் பிடிப்பது ஒரு வேலை, எழும்பாமல் பிடிப்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலைக்கென்றே சுவரின் ஓரங்களில் கனத்த இரும்புப் பிடிகளை நெடுஞ்சட்டத்தோடு சேர்த்து அஸ்திவாரத்துக்குள் இறக்குகிறார்கள்.

இந்த போல்ட்டுகளில் பெரும்பாலானவை சுவர் பிறப்பதற்கு முன்பே வைக்கப்படுகின்றன. கான்கிரீட் ஊற்றும்போது அவை தம் இடத்தில் நின்றுகொண்டிருக்க வேண்டும். மேலே என்ன சுவர் வரப்போகிறது, கதவு எங்கே திறக்கப்போகிறது என்பதெல்லாம் அப்போதே முடிவாகியிருக்க வேண்டும். கதவு வரும் இடத்தில் தலைநீட்டும் போல்ட்டால் பயனில்லை, தொல்லைதான். மறந்துவிட்டால் பிற்பாடு துளை போடலாம், பசை ஊற்றலாம், விரியும் ஆங்கர்களை முடுக்கலாம். வழிகள் பல உண்டு. ஆனாலும் இளகிய நிலையில் கான்கிரீட் ஒன்றைச் சுற்றி இறுகுவதற்கும், இறுகிப்போனதைக் குடைந்து அதற்குள் ஒன்றைச் செருகுவதற்கும் உள்ள வேறுபாடு கட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த எதிரி ஓசையில்லாதது. கான்கிரீட் பார்வைக்குக் கல். உள்ளே நுண்ணிய துளைகள் நிறைந்தது. மண்ணின் ஈரத்தை அது மெல்ல மெல்ல மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் நேராகப் படுத்திருக்கும் மரம் அந்த ஈரத்தை வாங்கிக்கொள்ளும். மரத்தின் ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை ஒன்றும் செய்ய முடியாது. அதைத் தாண்டி ஏறினால் உளுத்தல் தொடங்கும். நம் பழைய வீடுகளின் தச்சர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். செட்டிநாட்டு வளவுகளில் தேக்குத் தூண் மண்ணைத் தொடாது. அதன் கீழே கல் இருக்கும். சுவர் முழுக்க மரமாக இருக்கும் வீட்டில் ஒவ்வோர் அடிக்கும் கல் வைக்க முடியாது. அதனால் அடிச்சட்டத்தை மட்டும் மருந்தேற்றிய மரத்தால் செய்து, அதற்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே மெல்லிய நுரைப்பட்டை ஒன்றை விரிக்கிறார்கள்.

இந்த மருந்தின் கதையில் நமக்கும் பங்கு உண்டு. செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் கரைத்து, அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்றும் முறையை 1933இல் கண்டுபிடித்தவர் சோண்டி காமேசம் என்ற இந்திய விஞ்ஞானி. செம்பு பூஞ்சையைக் கொல்லும், ஆர்சனிக் கரையானைக் கொல்லும், குரோமியம் இரண்டையும் மழையில் கரைந்து போகாமல் மரத்தோடு கட்டிப்போடும். உலகம் முழுவதும் மின்கம்பங்களும் வேலிக்கால்களும் இந்த மருந்தால் நெடுங்காலம் பிழைத்தன. அமெரிக்கப் புறநகர் வீடுகளின் அடிச்சட்டங்கள் எத்தனையோ அந்தப் பச்சை நிறத்தோடு கான்கிரீட்டின்மேல் படுத்திருக்கின்றன. அந்த வீடுகளில் வாழ்கிறவர்களில் காமேசத்தின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவாகத்தான் இருப்பார்கள். நம்மிலும் அப்படியே. அது எனக்கு வருத்தம் தருகிறது.

ஆர்சனிக் நச்சு. குழந்தைகள் விளையாடும் மரத்தளங்களில் அது இருப்பதைப் பற்றிய கவலை வளர்ந்து, 2003 இறுதியோடு அமெரிக்க உற்பத்தியாளர்கள் வீட்டு உபயோக மரங்களில் இந்த மருந்தை ஏற்றுவதைப் பெரும்பாலும் நிறுத்திக்கொண்டார்கள். மாற்றாக வந்த மருந்துகளில் ஆர்சனிக்கும் குரோமியமும் இல்லை; அந்தக் குறையை ஈடுகட்டச் செம்பு கூடுதல். மரத்துக்கு அது நல்லதாகவே அமைந்தது. ஆனால் ஈரத்தில் செம்பும் இரும்பும் சேர்ந்தால் இரும்பு அரிக்கும். மரத்தைக் காப்பதற்கு ஏற்றிய மருந்தே அந்த மரத்தைப் பிடித்திருக்கும் ஆணியையும் போல்ட்டையும் தின்னத் தொடங்கியது. வழக்கமான மெல்லிய துத்தநாகப் பூச்சு போதவில்லை; உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த தடித்த பூச்சு, அல்லது துருப்பிடிக்காத எஃகு என்று விதிகள் மாறின. ஒன்றைக் காக்கும்போது அதோடு பிணைந்திருப்பது என்ன ஆகிறது என்று பார்க்கும் கடமை, அதை விற்றவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் மெதுவாகத்தான் புரிந்தது.

1994 ஜனவரி 17ஆம் தேதி விடியற்காலையில் லாஸ் ஏஞ்சலஸின் நார்த்ரிட்ஜ் பகுதியில் நடந்த 6.7 அளவுள்ள நிலநடுக்கம் இன்னொரு பாடம் சொன்னது. இதற்குள் போல்ட் வைப்பது வழக்கமாகியிருந்தது. பல வீடுகளில் போல்ட்டுகள் ஒடியவில்லை, கான்கிரீட்டிலிருந்து பெயரவும் இல்லை. ஆனால் சிலவற்றில் அடிச்சட்டமே நீளவாட்டில் பிளந்திருந்தது. சுவரின் வெளிப்புறத்தில் அடித்த பிளைவுட் பலகை சட்டத்தின் ஓர் ஓரத்தை மேலே இழுக்கிறது. நடுவில் இருக்கும் போல்ட்டோ அதைக் கீழே அழுத்துகிறது. இழுப்பதும் அழுத்துவதும் ஒரே கோட்டில் இல்லை. நடுவே மரம் குறுக்குவாட்டில் வளைய வேண்டியதாகிறது. மரத்தின் பலம் எல்லாம் நார் ஓடும் திசையில் இருக்கிறது, குறுக்கே அது மிகவும் பலவீனமானது. காட்டில் நின்றபோது அதற்குக் குறுக்கே பலம் தேவைப்படவில்லை. காற்றுக்கு வளைந்து நிற்பதற்கு நெடுக்குப் பலம் போதுமாயிருந்தது.

தீர்வு சின்னஞ்சிறியது. போல்ட்டின் நட்டுக்குக் கீழே இருந்த வட்ட வாஷரை எடுத்துவிட்டு, மூன்றங்குலத்துக்கு மூன்றங்குலம், ஏறத்தாழ கால் அங்குலக் கனத்தில் ஒரு சதுர இரும்புத் தகடு. அதன் விளிம்பு, பலகை அடித்த ஓரத்துக்கு அரை அங்குலத் தொலைவுக்குள் வர வேண்டும். அழுத்தும் இடத்தை இழுக்கும் இடத்துக்கு அருகே கொண்டுபோய்விட்டால், மரம் பிளக்கக் காரணமே இல்லை. போல்ட்டைத் தடிமனாக்கியிருந்தால் இந்தக் குறை தீர்ந்திருக்காது என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். இன்னும் வலிமையாகப் பிடிக்க வேண்டும் என்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும் யோசனை. பிடிக்கப்படுவது எந்தத் திசையில் பலவீனமானது என்று கேட்டவர்களால்தான் வீடுகள் பிழைத்தன.

நார்த்ரிட்ஜில் மரவீடுகள் பல தாங்கியதற்கு ஒரு காரணம் அவற்றின் ஆணிகள். பிளைவுட்டைச் சட்டத்தோடு சேர்க்கும் நூற்றுக்கணக்கான ஆணிகள், சுவர் ஆடும்போது கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து நிமிர்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் நிலநடுக்கத்தின் ஆற்றலில் ஒரு துளி செலவாகிறது. சுவர் கிறீச்சிடும், பூச்சு வெடிக்கும், ஆனால் உடையாது. அங்கே வளையாத திருகாணியைப் போட்டால் வலிமை கூடும் என்று தோன்றும். கடினமான திருகாணி வளைவதற்குப் பதில் தலை ஒடிந்து போகலாம். பிறகு அங்கே பிடிப்பு என்று எதுவும் இராது. ஆணி அடிக்கச் சொன்ன இடத்தில் தச்சர்கள் ஆணிதான் அடிக்க வேண்டும் என்று பொறியாளர்கள் கண்டிப்பாக இருப்பதற்கு இதுவே காரணம்.

உள்ளறைகளைப் பிரிக்கும் சுவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. வெடிமருந்து நிரப்பிய சின்னத் தோட்டாவால் ஆணியைக் கான்கிரீட்டுக்குள் செலுத்தும் துப்பாக்கி போன்ற கருவி ஒன்று இருக்கிறது. சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். இழுத்து முறுக்கிய எஃகுக் கம்பிகளை உள்ளே வைத்து ஊற்றிய தளங்களில் மட்டும் கவனம் வேண்டும். துளைபோடும் கருவி அப்படியொரு கம்பியில் பட்டு அது அறுந்தால் ஆளையே கொல்லலாம்.

ஒட்டிப் பிடிப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இறுகிய கான்கிரீட்டில் துளையிட்டு, தூசியை ஊதித் தள்ளி, பிரஷ்ஷால் தேய்த்து, மீண்டும் ஊதி, எபாக்ஸிப் பசை நிரப்பி போல்ட்டை இறக்குவது இன்று எங்கும் நடக்கும் வேலை. 2006 ஜூலை 10 அன்று பாஸ்டன் நகரச் சுரங்கப்பாதை ஒன்றில், இப்படி ஒட்டிய போல்ட்டுகளில் தொங்கிய கூரைப் பலகைகள் ஏறத்தாழ 26 டன் எடையோடு ஒரு காரின்மேல் விழுந்து ஒரு பெண் உயிரிழந்தார். விசாரணையில் தெரியவந்தது: பொருத்தியபோது செய்த குறுகிய நேரச் சோதனைகளில் அந்தப் பசை தாங்கியது. ஆனால் மாதக்கணக்கில் இடைவிடாமல் தொங்கும் சுமைக்கு அது ஏற்றதல்ல. நூலிழை நூலிழையாக வழுகிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு பிடிப்பை அதிர்ச்சியால் மட்டும் சோதித்துவிட்டு நம்பக் கூடாது. ஒரு நொடிக்குப் பெரும் விசையைத் தாங்குவதும், ஆண்டுக்கணக்கில் சின்னச் சுமையைத் தாங்குவதும் தனித்தனித் திறமைகள்.

இதுவரை சொன்னதெல்லாம் பிடிப்பதைப் பற்றியே. கொலராடோ மாநிலத்தில் டென்வரைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போனால் இந்த எண்ணம் முழுதுமே ஆட்டம் காணும். ராக்கி மலைகளின் அடிவாரத்தில் இருக்கும் அந்த மண்ணில் பென்டோனைட் வகைக் களிமண் கலந்திருக்கிறது. நனைந்தால் பொங்கும், காய்ந்தால் சுருங்கும். கோவில்பட்டியிலும் விருதுநகரிலும் கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடையில் கை நுழையும் அளவு பிளந்து, மழைக்குப் பின் மூடிக்கொள்ளும் நிலம் அவர்களுடையது. இரண்டு மண்ணிலும் பொங்கும் களிமக் குடும்பம் ஒன்றே. டென்வரின் நிலவறைகளில் கான்கிரீட் தளம் இந்த மண்ணின்மேல் படுத்திருக்கிறது. வீட்டின் வெளிச்சுவர்கள் ஆழத்தில் உள்ள பாறைவரை இறங்கிய தூண்களில் நிற்கும், அசையாது. தளம் மட்டும் மண்ணோடு சேர்ந்து அங்குலக் கணக்கில் எழும்பும்.

இப்படிப்பட்ட தளத்தின்மேல் ஓர் அறைச்சுவரை நிறுத்தி, கீழே போல்ட்டும் மேலே ஆணியுமாக இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? தளம் எழும்பும்போது சுவர் ஒரு தூணாக மாறி, மேல்தளத்தை அடியிலிருந்து முட்டித் தூக்கும். மேலே கதவுகள் சாத்த மறுக்கும், சுவர்ப்பூச்சில் வெடிப்பு ஓடும், உத்தரங்கள் பிசகும். வீட்டைக் கெடுப்பது மண் என்று நினைத்துக்கொண்டிருப்போம். மண்ணின் விசையை வீட்டுக்குள் அழைத்துச்சென்றது அந்த உறுதியான சுவர்தான்.

அதனால் அங்கே சுவரைத் தொங்கவிடுகிறார்கள். மேலே உள்ள உத்தரங்களிலிருந்து சுவர் தொங்கும். தளத்தோடு ஒரு சட்டம் இறுக்கமாகப் பிணைக்கப்படும். அதற்கு மேலே ஒன்றரை முதல் மூன்று அங்குலம்வரை வெற்றிடம் விட்டு, சுவரின் அடிச்சட்டம். சுவரின் அந்த அடிச்சட்டத்தில் துளையிட்டு, அதன் வழியாக நீண்ட கூராணிகளைத் தளத்தோடு பிணைத்த கீழ்ச்சட்டத்துக்குள் அடிக்கிறார்கள். ஆணி துளைக்குள் மேலும் கீழும் வழுகும், பக்கவாட்டில் அசையாது. தளம் எழும்பினால் ஆணி துளைக்குள் ஏறிக்கொள்ளும். சுவர் தன் இடத்திலேயே இருக்கும். யாராவது தோளால் இடித்தாலும் அதே ஆணி சுவரை நிறுத்திப் பிடிக்கும்.

கரிசல் நிலத்திலும் நம் பொறியாளர்கள் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தார்கள். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த முறையில், அடியில் குமிழ் போல் விரிந்த தூண்களை, பருவத்துக்குப் பருவம் மண் அசையாத ஆழத்தில் பதிக்கிறார்கள். தூண்களை இணைக்கும் உத்தரத்தை மண்ணின்மேல் உட்காரவைப்பதில்லை. குறைந்தது 80 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத் தூக்கிவைக்கிறார்கள். அந்த வெற்றிடத்துக்குள் மண் பொங்கி அடங்கட்டும் என்று.

ஜப்பானில் மூன்றாவது வழி ஒன்று இருந்தது. அங்கே பழைய மர வீடுகளிலும் கோயில்களிலும் தூண்கள் கல்லின்மேல் பிணைப்பில்லாமல் நின்றன. பெரும் அசைவு வந்தால் தூண் கல்லின்மேல் சற்று வழுக்கிச் செல்லும். கட்டடத்துக்குள் ஏறும் விசை அதற்கேற்பக் குறையும். நகர்ந்தாலும் நிற்கும்படி கட்டடத்தின் மேல்பகுதி முழுவதும் கனத்த மரங்களால் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். 1950இல் வந்த கட்டடச் சட்டம் மரவீடுகளின் அடிச்சட்டத்தை அஸ்திவாரத்தோடு பிணைக்கச் சொன்னது. 1995 ஜனவரி 17இல், நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குச் சரியாக ஓராண்டு கழித்து, கோபே நகரையும் அதன் சுற்றுப்பகுதியையும் தாக்கிய நிலநடுக்கத்தில் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பலர் மரவீடுகள் நசுங்கி இறந்தவர்கள். அடிச்சட்டம் அஸ்திவாரத்தில் இருந்தும், தூண்கள் அதிலிருந்து உருவிக்கொண்டு வந்த வீடுகள் அங்கே இருந்தன. பிணைப்பு பாதியில் நின்றுவிட்டது. 2000இல் ஒவ்வொரு தூணின் தலையிலும் காலிலும் எந்தப் பிடி வேண்டும் என்பதை விதிகள் விரிவாகச் சொல்லின.

இவையெல்லாம் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றும். கலிஃபோர்னியா இறுக்கிப் பிடி என்கிறது, கொலராடோ விட்டுவிடு என்கிறது, பழைய ஜப்பான் வழுக்கவிடு என்கிறது. கொஞ்ச நேரம் இவற்றை மனத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒரே கேள்விக்கான விடைகள் என்பது புலப்படும். நிலம் எப்படி அசையப்போகிறது? அந்த அசைவில் வீடு எதில் கூடப்போக வேண்டும், எதில் ஒதுங்கி நிற்க வேண்டும்? டென்வரின் அந்தக் கூராணியில் இரண்டு விடைகளும் ஒரே இரும்பில் இருக்கின்றன: பக்கவாட்டில் முழுமையான மறுப்பு, நெடுக்கில் முழுமையான அனுமதி. பிணைத்தல் என்பது அசையாமல் ஆக்குவது என்று நினைத்திருந்தோம். அசையாத நிலம் எங்கும் இல்லை. அதனால் அசையாத வீடும் இல்லை. கட்டுகிறவர் செய்யக்கூடியதெல்லாம், வரப்போகும் அசைவை அறிந்து, அதில் எந்தப் பகுதிக்கு இடம் கொடுப்பது என்று நாள் நன்றாக இருக்கும்போதே முடிவெடுப்பது. முடிவெடுக்காமல் விட்ட இடத்தில் முடிவை மண் எடுத்துக்கொள்கிறது.

டொரன்டோவின் ஸ்கார்பரோவில் வாழும் ஈழத்தமிழர்களுக்கு இந்தச் சுவர்கள் அந்நியமானவை அல்ல. இலங்கையின் 1983 இனக்கலவரத்துக்குப் பின் வந்தவர்களில் எத்தனையோ பேரின் முதல் வீடு ஒரு பேஸ்மென்ட். கான்கிரீட் தளத்தின்மேல் மரச்சட்டம் நிறுத்தி, ஜிப்சம் பலகை அறைந்து பிரித்த அறைகளில் அவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். பின்னாளில் வீடு வாங்கியவர்கள் அடுத்து வந்தவர்களுக்காக அதே அறைகளை அமைத்தார்கள். அவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்று எழுதுகிறோம். நிலம் அவர்களின் காலுக்குக் கீழிருந்து போனது என்பதே சரி. புதிய இடத்தில் எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது என்ற கேள்வி ஒவ்வொரு குடும்பத்திலும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் எழுந்தது. மொழியா, கோயிலா, பிள்ளையின் திருமணமா, ஊர்ப்பெயரா? எல்லாவற்றையும் ஒரே இறுக்கத்தில் பிடித்தவர்களின் வீட்டில் ஏதோ ஒன்று நார் ஓடாத திசையில் பிளந்தது. எதையும் பிடிக்காதவர்களின் பேரப்பிள்ளைகள் பாட்டியோடு பேச வழியில்லாமல் நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் விட்டுக்கொடுக்காமல், உடையிலும் தொழிலிலும் துணையைத் தேர்வதிலும் பிள்ளைகளுக்கு இடம் விட்ட தாய்மாரைப் பற்றிக் கேட்கும்போது, அவர்கள் எந்தப் பொறியாளருக்கும் குறையாத கணக்கைப் போட்டிருக்கிறார்கள் என்று நினைப்பேன்.

பிந்திச் செய்தாலும் பலன் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் பழைய வீடுகளின் அடியில் தவழ்ந்து போகும் அளவுக்கு இடைவெளி இருக்கும். அதற்குள் படுத்தபடியே போய், அடிச்சட்டத்தில் துளையிட்டு, அஸ்திவாரத்தில் போல்ட் இறக்கி, குட்டைச் சுவர்களுக்குப் பிளைவுட் அடித்து உறுதிப்படுத்துகிறார்கள். சில நாள் வேலை. 2013இல் தொடங்கிய ஒரு மாநிலத் திட்டம், 1980க்கு முன் கட்டிய இப்படிப்பட்ட வீடுகளுக்கு 3,000 டாலர்வரை உதவித்தொகை தருகிறது. கோலிங்காவின் வீடுகளுக்குக் கிடைக்காதது இந்தச் சில நாள் வேலைதான். இதைத் தள்ளிப்போடும் எந்த வீட்டுக்காரரையும் பார்த்தால் கைகூப்பிக் கேட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

டென்வர்ப் பக்கத்தில் ஆபத்து வேறு மாதிரி. வீடு கைமாறுகிறது. புதிதாக வந்தவர் நிலவறையில் சுவருக்கடியில் இடைவெளியைப் பார்க்கிறார். தச்சரின் அலட்சியம் என்று நினைத்து மரத்துண்டைச் செருகுகிறார், கலவை பூசி அடைக்கிறார். அன்றிலிருந்து அது தொங்கும் சுவர் இல்லை. அடுத்த மழைக்காலத்தில் தளம் எழும்பும்போது மேல்மாடிக் கதவு சிக்கும். காரணத்தை அவர் கதவில் தேடுவார். விற்கிறவர் இதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இடைவெளி கண்ணை உறுத்துகிறது என்றால் மறைக்கலாம், தடையில்லை. ஸ்கர்டிங் பலகையை மேலே உள்ள சுவரோடு மட்டும் ஆணியடித்து, அடியில் தளம் ஏறிவர இடம் விட்டு நிறுத்த வேண்டும். கீழ்ச்சட்டத்துக்குள் ஓர் ஆணிகூட இறங்கக் கூடாது.